நல்ல செய்தி மட்டும்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி ஒருமுறை சொந்த மைதானத்திலேயே ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றது. அமெரிக்கக் கால்பந்தில் அப்படித் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வந்த பெற்றோர்கள் இடைவேளையிலேயே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வெளிவந்த கல்லூரிச் செய்தித்தாளில் ஆன்ட்டி எழுதியிருந்தார்: “சனிக்கிழமை நம் வளாகத்துக்கு வந்த விருந்தினர்கள் மிகுந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினர்.”

ஒரு வார்த்தை பொய் கிடையாது, ஜெயித்துவிட்டுப் போன எதிரணியும் விருந்தினர்தானே. அதுதான் ஆன்ட்டி.

டெக்சஸில், ஹூஸ்டனிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் காரில் போனால், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஒரு சின்ன ஊர் வரும். அங்கே லூத்தரன் என்ற கிறிஸ்தவச் சபையினர் நடத்தும் ஒரு சின்னக் கல்லூரி. தொண்ணூறுகளில் அங்கே கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வளாகத்தில் தமிழ் பேசும் வீடுகள் இரண்டுதான். ஒன்று நானும் என் மனைவி வாணியும் குழந்தையும் இருந்த வீடு. இன்னொன்று ஆன்ட்டியுடையது. தமிழ்ப் பேச்சு கேட்காமல் காது துருப்பிடித்துக் கிடந்த எங்களுக்கு அந்த உடுமலைப்பேட்டைத் தமிழ் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைத்தது.

ஆன்ட்டியின் கணவர் அந்தக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் திடீரென்று மாரடைப்பில் போனபோது, ஆங்கில எம்.ஏ. படித்துவிட்டு வீட்டிலிருந்த மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று கல்லூரி கையைப் பிசைந்து, கடைசியில் செய்தி அலுவலகத்தைக் கொடுத்தது. அலுவலகம் என்றால், கல்லூரித் தேவாலயமான சேப்பலுக்குப் பின்னால் பாடகர்களின் அங்கிகளை மாட்டிவைக்கும் அறையில் பாதி. பருத்திப் புடவை, அதன்மேல் கல்லூரிச் சின்னம் போட்ட ஸ்வெட்டர், காலில் வெள்ளை ஸ்னீக்கர்ஸ், நெற்றியில் திருநீறு. இந்தக் கோலத்தில் தினமும் சேப்பலில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் மற்றவர்களைவிட உரக்கப் பாடுவார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒருநாள் கேட்டேன்.

“பாட்டுப் பாடறதுக்கெல்லாம் யாரு கண்ணு கோவிச்சுக்குவாங்க” என்றார்.

செய்தித்தாள் நான்கு பக்கம். மஞ்சள் தாளில் அடித்து வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருடைய தபால் பெட்டியிலும் போடுவார்கள். நம் ஊரில் மஞ்சள் பத்திரிகை என்றால் மறைத்து வைத்துப் படிப்பார்கள். இதை மறைக்கவே தேவையில்லை, ஏனென்றால் இதில் ஒன்றுமே நடக்காது. ஒரு குளிர்காலத்தில் பனிமழை பெய்து விடுதியைச் சூடாக்கும் பாய்லர் வெடித்து, பையன்கள் இரண்டு இரவு கோட்டும் தொப்பியுமாகக் கூடத்தில் ஒண்டிக்கொண்டு கிடந்தார்கள். “விடுதி மாணவர்களிடையே நெருக்கம் அதிகரித்துள்ளது” என்று வந்தது. வரவேற்பு விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் கெட்டுப்போய்ப் பாதிக் கல்லூரி கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றது. “மறுநாள் சேப்பலுக்கு வந்தவர்கள் குறைவு என்றாலும், பலர் தத்தம் அறைகளில் மனமுருகி ஜெபித்ததாகத் தெரிகிறது.” பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு காளை தப்பித்து நூலகத்துக்குள் புகுந்த வாரம், நூலகத்தைச் சுற்றுவட்டாரம் முழுவதும் பயன்படுத்தத் தொடங்கியிருப்பதாக எழுதினார். ஆங்கிலத்தில் இன்னும் பிரமாதமாக இருக்கும். என்னால் முடிந்த அளவு தமிழில் சொல்கிறேன்.

இதையெல்லாம் கேலிக்காக எழுதினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு அப்படித்தான் வரும். கெட்ட செய்தி என்று ஒன்றை எழுத அவர் கை ஓடாது, வாயும் திறக்காது. வாணி டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலாகி வந்து அழுதபோது, “அந்த ஆபீசருக்கு உன்னைய மறுபடியும் பாக்கோணும்னு இருக்குது அம்முணி, வேறென்ன” என்றார். வாணி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மழை பெய்கிறதா என்று கேட்டால் செடிக்கு நல்லது என்று சொல்லும் மனிதரிடம் குடை எடுத்துப் போகலாமா என்று எப்படிக் கேட்பது?

ஆனால் ஊர் என்று இருந்தால் கெட்ட செய்தியும் இருக்குமே. அது எங்கே போகும்? அதற்குத்தான் கடைசிப் பக்கத்தின் கீழ்மூலை. “இந்த வாரம் நம் ஜெபங்களில் நினைவுகூர வேண்டியவர்கள்” என்று ஒரு பகுதி. சர்ச் நடத்தும் கல்லூரிகளில் இது வழக்கம். பெயரும், எதற்காக ஜெபம் என்று ஓரிரு வார்த்தையும் இருக்கும். வளாகத்தில் எல்லோரும் மஞ்சள் தாளைப் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். ஆன்ட்டியின் வார்த்தைகளுக்கு அர்த்தம் எல்லோருக்கும் அத்துப்படி. “நலம் வேண்டி” என்றால் ஆபரேஷன். “வழிநடத்துதல் வேண்டி” என்றால் கணவன் மனைவி பிரியப் போகிறார்கள். சமயத் துறைப் பேராசிரியர் ஒருவர் குடித்துவிட்டு கார் ஓட்டிப் பிடிபட்ட வாரம் “பயணப் பாதுகாப்பு வேண்டி” என்று வந்தது. “மாற்றத்தின் காலம்” என்று இருந்தால் அந்தப் பெயருக்கு உரியவருக்கு வேலை போய்விட்டது.

ஒருவர் பெயர் அந்த மூலையில் வந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் அவர் வீட்டுக்குக் காசரோல் வரும். கண்ணாடிப் பாத்திரத்தில் நூடுல்ஸும் கோழியும் சீஸும் சேர்த்து ஓவனில் வேகவைத்து, மேலே ஃபாயில் மூடி, அடியில் பாத்திரக்காரியின் பெயரை டேப்பில் எழுதி ஒட்டிக் கொண்டுவருவார்கள். அங்கே துக்கத்துக்கு வேறு மொழி கிடையாது. துக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாத்திரங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை லேபில் சர்வர் படுத்துவிட்டதால் நான் தபால் பெட்டிப் பக்கமே போகவில்லை. இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை நிறைய ஃபாயில். அடுப்பின் மேலும் இரண்டு. வாணி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் சைவம் வேறு.

“யார் வீட்ல சாவுன்னு இப்படிக் கொண்டாந்து குடுக்கறாங்க?” என்றாள்.

நாலு வயது மகள் ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “டாடி, ஆர் யூ சிக்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் மறுபடியும் மணி அடித்தது. பதிவாளரின் மனைவி. கையில் பாத்திரம். என் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, எங்களுடைய இந்த மாற்றத்தின் காலத்தில் தன் குடும்பமே எங்களுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். நான் நன்றி சொல்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் என் வேலை போய்விட்டது என்று எனக்கு உறைத்தது.

வேலை போனால் வேறு வேலை என்று இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எனக்கு விசா கொடுத்ததே அந்தக் கல்லூரி. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்ததும் அதுதான். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை அந்த வேலை இருந்தாக வேண்டும். நடுவில் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு என் விசாவில் காலம் மிச்சமில்லை. வீட்டைக் காலி பண்ணி, பெட்டி கட்டி, ஊருக்குப் போய் முப்பத்தைந்து வயதில் வேலை தேடிக் கிளம்ப வேண்டும். வாணி காசரோல்களை ஒவ்வொன்றாக ஃபிரிட்ஜுக்குள் அடுக்கினாள். இடம் போதாமல் மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். முதலில் காபி குடிக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

“உங்களுக்கு எப்ப தெரியும் ஆன்ட்டி?”

“டிரஸ்டி மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே தெரியும் கண்ணு. லேபை டல்லாஸ் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விடறாங்களாம்.”

“அதுக்கப்புறம் ரெண்டு தடவை எங்க வீட்ல வந்து சாப்பிட்டுப் போனீங்க.”

“சொல்லிப்போடலாம்னுதான் வந்தேன். வாணி சிரிச்சுட்டே வந்து கதவைத் தொறந்தா. வாய் வரல.” ஆறிப்போன என் காபியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். “உனக்குத் தெரியாமப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு. அதுதான் கடைசிப் பக்கத்துல போட்டேன்.”

நான் அவர்மேல் கோபப்பட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கோபம் நியாயமானது என்றே தோன்றுகிறது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் கத்த வேண்டும். ஜெபப் பகுதியில் அச்சடிக்கக் கூடாது.

திங்கட்கிழமை கல்லூரித் தலைவரைப் பார்த்தேன். அவர் ஒரு பாஸ்டர். எப்போதும் சிரித்த முகம், ஜாடிக்குள் மிட்டாய். கல்வியாண்டு முடியும்போது சொல்லலாம் என்று இருந்தாராம். ஜெபப் பகுதியில்தான் வந்துவிட்டதே, அதற்குமேல் தனியாக வேறு கூப்பிட்டுச் சொன்னால் மனம் புண்படும் என்று விட்டுவிட்டாராம். மிட்டாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்து ஹூஸ்டன் வக்கீலுக்கு போன் பண்ணினேன். இன்னும் ஒரு வருஷம், அதிகம் போனால் ஒன்றரை, அந்தப் பதவி காகிதத்தில் இருந்தால் போதும், கார்டு வந்துவிடும் என்றார் அவர். அந்த ஒரு வருஷம்தான் என்னிடம் இல்லை.

இதை ஆன்ட்டியிடம் சொன்னது வாணிதான். நான் அவரோடு பேசாமல் இருந்தேன். அன்று சாயங்காலமே ஆன்ட்டி எங்கள் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

“போஸ்ட் இருக்கோணும். அவ்வளவுதான?”

“அவ்வளவுதான்.”

“ஏங் கண்ணு, நம்ம சர்ச்சுகள்ல இருக்கற வயசானவங்களுக்கு நீ இமெயில் சொல்லிக் குடுப்பியா?”

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தேன். “குடுப்பேன்” என்றேன்.

“ஆசையாக் குடுப்பியா?”

“ஆசையாவே குடுப்பேன் ஆன்ட்டி. இப்ப அதுக்கு என்ன?”

“செரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தது சாதாரண வெள்ளிக்கிழமைத் தாள் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பழைய மாணவர்களுக்கும் மாநிலத்திலுள்ள எல்லா லூத்தரன் சபைகளுக்கும் அனுப்பும் வசந்தகாலச் சிறப்பிதழ். முதல் பக்கத்தில், லேபில் நான் ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய படம். கீழே செய்தி. கம்ப்யூட்டர் லேபின் எதிர்காலம் குறித்து அறங்காவலர்கள் ஆழ்ந்து யோசித்துத் துணிச்சலான முடிவு எடுத்திருக்கிறார்கள். லேப் நிர்வாகி இந்நாட்டில் நிரந்தரமாகத் தங்கிப் பணியாற்றுவதற்காகக் கல்லூரி அரசாங்கத்திடம் விண்ணப்பித்திருக்கிறது. நம் சபைகளிலுள்ள முதியோருக்கு இமெயில் கற்றுக்கொடுக்க அவர் ஆவலோடு காத்திருக்கிறார்.

எந்த வாக்கியத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், உண்மை. மூன்றையும் சேர்த்துப் படித்தால், கல்லூரி அமெரிக்காவிலுள்ள முதியவர்களையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கப் போகிறது, அதற்குத் தலைமை நான். அச்சுக்குப் போகும்முன் தலைவர் படித்திருந்தால் தடுத்திருப்பார். ஆனால் ஆன்ட்டி எழுதுவதை அவர் படிப்பதே இல்லை. படித்துப் பார்க்க வேண்டிய எதுவும் அதில் ஒருநாளும் இருந்ததில்லை.

பத்து நாளைக்குத் தலைவரின் அலுவலக போன் ஓயவில்லை. பழைய மாணவரான ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் பிக்கப் டிரக்கில் புதுக் கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். சபைகளிலிருந்து வேனில் தாத்தாக்கள் வந்தார்கள். ஒரு சபையின் பெண்கள் சங்கம், வழக்கமாகப் போர்வை தைத்து அனாதை இல்லங்களுக்கு அனுப்புகிற சங்கம், லேபிலுள்ள ஒவ்வொரு மானிட்டருக்கும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு உறை தைத்து அனுப்பியது. என் லேப் தொட்டில் கடை மாதிரி ஆகிவிட்டது. அந்த வாரம் சேப்பலில் தலைவர் பிரசங்க மேடையில் ஏறி, முதியோருக்கான இந்தத் தொலைநோக்குத் தரிசனத்தைத் தங்களுக்குக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொன்னார். மூன்றாம் வரிசையிலிருந்து ஆமென் உரக்க வந்தது.

அப்புறம் யாரும் டல்லாஸ் கம்பெனியைப் பற்றிப் பேசவில்லை. நான் ஒன்றரை வருஷம் தாத்தாக்களுக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். கிரீன் கார்டு வந்தது. பச்சையாகவே இல்லை. அதை ஆன்ட்டியிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டினேன். “போட்டோவுல இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்” என்றார்.

அறங்காவலர் குழுத் தலைவர் ஒரு வங்கிக்காரர். அவருக்கு மட்டும் நடந்தது மறக்கவில்லை. ஆனால் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியம்கூட அகப்படவில்லை. ஆகவே செய்தி அலுவலகத்தையே எடுத்துவிட்டார்கள். இனி வெப்சைட்தான் என்று சொல்லி, டை கட்டிய ஓர் இளைஞரை டல்லாஸிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர் வந்ததும் செய்த முதல் வேலை, தனிமனித விஷயங்களைப் பொதுவில் போடுவது சரியில்லை என்று ஜெபப் பகுதியை நிறுத்தியது. இரண்டாவது வேலை, வெப்சைட்டில் ஆன்ட்டியைப் பற்றி ஒரு வரி போட்டது. “செய்தி அலுவலகத்தில் இருந்தவர் இனி கல்லூரிப் பணியில் இல்லை.” எனக்குத் தெரிந்து அந்தக் கல்லூரி நேராக வெளியிட்ட முதல் கெட்ட செய்தி அதுதான்.

ஜெபப் பகுதி இல்லாததால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆன்ட்டி வீட்டுக்கு ஒரு காசரோலும் வரவில்லை. பதினைந்து வருஷம் ஊரின் துக்கத்தையெல்லாம் பக்குவமாகப் பரிமாறியவருக்கு வாணி கொண்டுபோன சாம்பார் சாதம்தான். எனக்குத் தாங்கவில்லை. என்னால்தான் இப்படி ஆயிற்று என்று அவரிடமே சொன்னேன்.

“எத்தனை நாளைக்குத்தான் அந்த மஞ்சத் தாளையே பாத்துட்டு இருக்கறது. பையன் கூப்பிட்டுட்டே இருக்கறான். பேரனுக எல்லாம் இருக்கறாங்க. ஜம்முனு போறேன்” என்றார்.

மகன் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் பெரிய வீடு கட்டியிருந்தான். நல்ல பையன்தான், அவனும் மனைவியும் ஹூஸ்டனில் டாக்டர்கள். ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவார். மாடியில் தனி ரூம், அட்டாச்டு பாத்ரூம். கிச்சனில் ஒரு மாட்டை நிறுத்திக் குளிப்பாட்டலாம். அந்த ஊரிலேயே கட்டியிருக்கும் மீனாட்சி கோயில் காரில் கொஞ்ச தூரம்தான். எல்லாம் சௌகரியம், எல்லாம் சந்தோஷம். நான் அப்பாடா என்று போனை வைப்பேன். வாணி அப்படி வைக்க மாட்டாள்.

“கார்ல கொஞ்ச தூரம்னுதான் சொல்றாங்க. போயிட்டு வந்தேன்னு ஒருநாளாவது சொன்னாங்களா?” என்றாள் ஒருமுறை. யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு, கோயிலில் கூட்டமா என்று கேட்டேன். கோபுரம் ஜன்னலிலிருந்து தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார் ஆன்ட்டி. அவருக்கு கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வளாகத்தில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்தது. செவ்வாய்க்கிழமையில் அவர் கூப்பிட்டதே இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நல்லா இல்ல கண்ணு.”

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“காலைல ஆறு மணிக்கு எல்லாரும் காரெடுத்துட்டுப் போயிர்றாங்க. பேரனுக வந்தா டிவி. பேசினா ‘ஓகே பாட்டி’ங்கறாங்க. தெருவுல நடந்தா ஒரு மனுசன் கண்ணுல படமாட்டேங்கறான். பையன் மேல ஒண்ணும் தப்பில்ல. என்னால முடியல. உங்க வீட்ல கொஞ்ச நாள் இருந்துக்கறேன். வந்து கூட்டிட்டுப் போறியா?”

அதை நல்ல விதமாக ஆக்கி ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. கோடை முடிந்தால் சரியாகிவிடும், பழகிவிடும், இப்படி ஏதாவது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஆன்ட்டி என்னிடம் தானாகவே வாய்விட்டுச் சொன்ன முதல் கெட்ட செய்தி அது. அதில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றக் கூடாது.

“இப்பவே கிளம்பறேன் ஆன்ட்டி” என்றேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாணி கீழறைக் கட்டிலில் குவிந்திருந்த துணிகளை வாரி எடுத்துக்கொண்டு போனாள். நான் கார்ச் சாவியைத் தேடினேன்.